ஒரு வெள்ளி வைத்தியமும் ஒரு நாள் கூலியும்

கிள்ளானிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், தெலுக் பங்ளிமா காராங்கின் தொழிற்சாலைகளையும் ஜென்ஜாரோம் கடைவீதியையும் கடந்து, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளின் பின்னே பொறுமையாக ஊர்ந்து, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரம் வந்தால் பந்திங் நகரம் தென்படும். கோல லங்காட் மாவட்டத்துத் தமிழ் ஜனங்களுக்கு அதுவே கடைத்தெரு, அதுவே பள்ளிக்கூடம், அதுவே ஆஸ்பத்திரி. வாரநாட்களின் காலை வேளையில் அங்குள்ள அரசாங்க சுகாதார நிலையத்தின் தாய் சேய் நலப் பகுதிக்குள் நுழைந்து பார்ப்பவர், இளஞ்சிவப்பு அட்டை போட்ட கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தம் எண் அழைக்கப்படும் வரை காத்திருக்கும் கர்ப்பிணிகளைக் காணலாம். அவர்களுள் மலாய்க்காரப் பெண்கள் உண்டு, சீனப் பெண்கள் உண்டு, ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களில் பிறந்து இன்று நகரத்து ஓரத்துத் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கும் நம் பெண்களும் உண்டு. அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தின் சரித்திரத்தையும், அதற்குள் எழுதப்படாத கணக்கு ஒன்றையும் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுவது நியாயம். மலேசியப் பிரஜை ஒருத்தி அரசாங்க சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பிரிவில் செலுத்துவது ஒரு வெள்ளி. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைக் காணச் செலுத்துவது ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் தங்குவதற்கு நாளொன்றுக்குச் சில வெள்ளி. சுகாதார நிலையத்தில் கர்ப்பகாலப் பரிசோதனையோ முற்றிலும் இலவசம். ஒரு பிரசவத்துக்காக நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, கந்துவட்டிக்காரனிடம் கையேந்தி நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ தேசங்களில் இருக்க, இந்நாட்டில் ஓர் ஏழைத் தாய் கையில் காசில்லாமலே வைத்தியரின் மேற்பார்வையில் பிள்ளை பெற முடிகிறது என்பது சாமானியமான காரியமன்று. சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில் இங்கே ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் மாண்டனர் என்பதையும், 1990-களில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

இந்த வீழ்ச்சி எப்படி நிகழ்ந்தது என்பதை உலக வங்கியின் சார்பில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு மலேசியாவையும் இலங்கையையும் ஒருங்கே வைத்து விவரிக்கிறது. அதன் முதன்மை ஆசிரியர் இந்நாட்டுப் பொதுச் சுகாதார வைத்தியரான இந்திரா பத்மநாதன். பெரும் செல்வம் சேர்ந்த பிறகு வந்த பலன் அன்று இது. ஐம்பதினாயிரம் பேருக்கு ஒரு பிரதான சுகாதார நிலையம், பதினாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி வசிக்கும் வீடும் கிளினிக்கும் சேர்ந்த ஒரு சிறு கட்டடம் என்று கிராமங்களை மூன்று அடுக்காகப் பிரித்து, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை ஒவ்வொரு கம்பத்தின் வாசலிலும் கொண்டுபோய் உட்கார வைத்ததே அதன் ரகசியம். அவள் சைக்கிளில் போனாள், படகில் போனாள், நாட்டு மருத்துவச்சியான பீடானைப் பகைத்துக்கொள்ளாமல் அவளுக்குச் சுத்தமான கத்தரிக்கோலையும் சில விதிகளையும் கற்றுக்கொடுத்தாள். 1966-இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பிற்காலத்தில் கர்ப்பிணியின் புத்தகத்தில் வர்ணக் குறி ஒட்டும் வழக்கம் வந்தது: சிவப்பென்றால் உடனே மருத்துவமனை, மஞ்சளென்றால் மருத்துவமனை நிபுணரின் பார்வை, பச்சையென்றால் சுகாதார நிலைய வைத்தியர், வெள்ளையென்றால் தாதியே போதும். 1991 முதல் நாட்டில் நிகழும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும், எவரையும் தண்டிப்பதற்காக அன்றி, மறுபடி நிகழாமல் தடுப்பதற்காக ரகசியமாக விசாரித்து ஆராயும் முறையும் ஏற்பட்டது. ஒரு தாயின் சாவை விதியென்று எழுதி மூடிவிடாமல் ‘ஏன்?’ என்று கேட்கத் துணிந்த அந்த விசாரணையை இந்நாட்டு வைத்தியத் துறையின் மிக உன்னதமான செயல்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் நம் ஜனங்கள் வேலிக்கு அப்பால் நின்றார்கள். கம்பத்து மருத்துவச்சியின் சைக்கிள் தோட்டத்துக் கேட்டருகே வந்து நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்கு வாழும் தொழிலாளரின் ஆரோக்கியம் துரையின் பொறுப்பு என்பது காலனி ஆட்சி வகுத்த ஏற்பாடு. சுதந்திரத்துக்குப் பின் வந்த கிராம அபிவிருத்தித் திட்டங்களும் அந்த எல்லையை நெடுங்காலம் அப்படியே விட்டுவைத்தன. ஆகவே, கேரித் தீவிலும் புரூக்லண்ட்ஸ் தோட்டத்திலும், இம்மாவட்டத்தின் பிற ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் பிள்ளை பெற்ற நம் பாட்டிமார்களுக்குக் கிடைத்தது தோட்டத்து ஆஸ்பத்திரியும், அங்கிருந்த டிரெஸர் என்னும் மருத்துவ உதவியாளரும், லயத்து மருத்துவச்சியும், வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தையை விட்டுச்செல்ல ஓர் ஆயாக் கொட்டகையுமே.

அந்த ஏற்பாட்டை முற்றிலும் இகழ்வதும் சரியன்று. 1901-இல் கிள்ளானில் மாவட்ட வைத்தியராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை ஒழிக்கும் வேலையை இந்தக் கரையோரப் பிரதேசத்தில்தான் தொடங்கினார். மலேரியா கர்ப்பிணியின் இரத்தத்தை உறிஞ்சி, கருவைச் சிதைத்து, சிசுவை எடை குறைந்து பிறக்கச் செய்யும் வியாதி. கால்வாய் வெட்டியவனின் மண்வெட்டி அக்காலத்தில் எத்தனையோ தாய்மார்களுக்கு மருந்தாக அமைந்தது. 1920-களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பிரசவப் படியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஆயினும் எஜமானனே வைத்தியனுக்கும் எஜமானனாக இருந்த இடத்தில், காய்ச்சலோடு வந்தவளை வேலைக்கு ஏற்றவளென்று எழுதுவதா, ஓய்வு கொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் டிரெஸர் யாருடைய சம்பளத்தில் வாழ்ந்தார் என்பதை மறந்துவிடலாகாது. தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவ வசதியும் பிள்ளைக் காப்பகமும் இருக்க வேண்டுமென்று வலியுறுத்தும் குறைந்தபட்ச வசதிகள் சட்டம் 1990-இல் விரிவாக்கப்பட்டபோது, தோட்டங்களே ஒவ்வொன்றாக மறையத் தொடங்கிவிட்டன. நிலம் விற்கப்பட்டது, அண்டை மாவட்டமான சிப்பாங்கில் 1998-இல் பெரிய விமான நிலையம் திறக்கப்பட்டது, தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயம் போனபோது அதனோடு தோட்டத்து ஆஸ்பத்திரியும், மிஸ்ஸி என்னும் தாதியும், ஆயாக் கொட்டகையும் போயின. குறையுள்ளதாயினும் நடந்துபோகும் தூரத்தில் இருந்த வைத்தியம் அது.

இப்போது அந்தப் பாட்டிமார்களுள் ஒருவரின் பேத்தி தெலுக் பங்ளிமா காராங் தொழிற்சாலையில் ஒரு குத்தகைக்காரரின் கீழ் நாட்கூலிக்கு வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவளுக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். தலைச்சன் பிரசவமானால் பத்து முறையும், அடுத்தடுத்தவையானால் ஏழு முறையும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டி. சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்துகொள்ளும் பரிசோதனைக்கென்றால் வெறும் வயிற்றோடு வந்து, இரத்தம் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்கவும் முடியாது, ஏனெனில் 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆரோக்கிய ஆய்வின்படி இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பத்தொருவருக்கு நீரிழிவு இருக்கிறது, வேறெந்தச் சமூகத்திலும் அத்தனை இல்லை. பரிசோதனை முடிந்ததும் கவுண்டரில் அவளுக்குக் கிடைப்பது ஒரு டைம் சிலிப். இன்ன மணி முதல் இன்ன மணி வரை இவள் இங்கிருந்தாள் என்பதற்கு அது சாட்சி. அந்த மணிகளுக்குக் கூலி கொடு என்னும் கட்டளை அன்று. கர்ப்பகாலப் பரிசோதனைக்கெனச் சம்பளத்தோடு கூடிய விடுப்பை வேலைவாய்ப்புச் சட்டம் தனியே வகுக்கவில்லை. ஆக, இலவசப் பரிசோதனை பத்துக்கு அவள் இழக்கக்கூடிய கூலி 650 வெள்ளி. முதல் மூன்று மாதத்திலேயே பெயர் பதியுங்கள் என்று எத்தனை சுவரொட்டிகள் ஒட்டினாலும் நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ வந்து நிற்கிறவளை அசிரத்தை உள்ளவள் என்று கடிந்துகொள்ளுமுன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சிக்கல் ஏற்பட்டு மஞ்சள் குறி விழுந்தால், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கு அலைய வேண்டும். அங்கே ஒரு நாள் என்பது மெய்யாகவே ஒரு முழு நாள்.

பிரசவ விடுப்பைப் பொறுத்தவரை நிலைமை முன்னேறியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் அறுபது நாள் கொடுத்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாளாயிற்று. தந்தைக்கு ஏழு நாள் விடுப்பும் வந்தது. ஆயினும், பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதங்களில் மொத்தம் தொண்ணூறு நாளாவது அந்த எஜமானனிடம் வேலை செய்திருந்தால்தான் விடுப்புக்குச் சம்பளம் என்னும் நிபந்தனை, மூன்று மாதத்துக்கொரு முறை குத்தகைக்காரர் மாறும் தொழிலாளியை லேசாக வெளியே தள்ளிவிடுகிறது. வீட்டிலே பலகாரம் செய்து விற்பவள், தையல் தைப்பவள், பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் ஆகியோர் எவருடைய ஊழியரும் அல்லராதலின் அவர்களுக்கு 98 நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் கவனிக்கும்படி வேண்டுகிறேன். 98 நாள் என்பது பதினான்கு வாரம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தாய்மைப் பாதுகாப்பு உடன்படிக்கை கேட்பது அதே பதினான்கு வாரத்தைத்தான். ஆனால் அவ்வுடன்படிக்கை இன்னொன்றையும் கேட்கிறது: அந்தச் சம்பளச் செலவைத் தனியொரு முதலாளியின் தலையில் சுமத்தாமல், எல்லோரும் சேர்ந்து கட்டும் சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுங்கள் என்கிறது. நாம் நாட்கணக்கை எடுத்துக்கொண்டோம், செலவைப் பங்கிடும் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. இதன் விளைவு யாதெனில், ஐந்து பேரை வைத்துக் கடை நடத்தும் சிறு முதலாளி, மணமாகி ஓராண்டான பெண்ணை நேர்காணலில் பார்த்ததுமே மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். தாய்மையின் செலவை அவர்மேல் மட்டும் வைத்த சட்டமே அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது. நாம் மாதந்தோறும் சந்தா செலுத்தும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், வேலையில் அடிபட்டால் கொடுக்கிறது, உடல் முடங்கினால் கொடுக்கிறது, வேலை போனால் கொடுக்கவும் 2018 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளை பெற்றால் கொடுப்பதில்லை. இந்தியாவிலோ 1948-ஆம் ஆண்டிலேயே வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின்கீழ் தொழிலாளியும் முதலாளியும் கட்டும் பொது நிதியிலிருந்து பிரசவகாலப் பணம் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 முதல் நடந்துவரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், எங்கும் பதிவாகாத கூலிப் பெண்ணுக்கும் அரசாங்கமே பணம் கொடுக்கிறது. அத்தொகை 18,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. அந்தப் பணமும் தடங்கலின்றி உரிய நாளில் வந்துவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. கர்ப்பிணி இழக்கும் கூலியைச் சமூகம் ஈடுகட்ட வேண்டும் என்னும் கொள்கை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது; இங்கே இன்னும் இல்லை.

தனியார் காப்புறுதியின் கதை வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களில் மெடிக்கல் கார்டு இல்லாத வீடு இன்று அருகிவருகிறது. மாதந்தோறும் இருநூறு, முந்நூறு வெள்ளி கட்டிவரும் பெண் தாய்மையடைந்ததும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குச் சென்றால், கர்ப்பம், பிரசவம், கருச்சிதைவு, கருத்தடை, மலட்டுத்தன்மைக்கான சிகிச்சை ஆகியவற்றுக்குக் காப்புறுதி கிடையாது என்று பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதை அப்போதுதான் அறிகிறாள். கருப்பை உள்ளுறைத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற இனப்பெருக்க உறுப்பு வியாதிகளுக்கோ, பாலிசி எடுத்த நாளிலிருந்து 120 நாள் காத்திருக்க வேண்டும். சில பெரிய கம்பெனிகள் தம் ஊழியர்க்கு எடுக்கும் குழுக் காப்புறுதியில் பிரசவத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குவதுண்டு. கர்ப்பகாலச் சிக்கல்களுக்கென்றே தனிப் பிரிமியத்துக்கு விற்கப்படும் பாலிசிகளும் உண்டு. பொதுவான அட்டையில் மட்டும் தாய்மைக்கு இடமில்லை.

இதற்குக் காப்புறுதிக்காரர் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு; அதை அறியாமல் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. வருமா வராதா என்று தெரியாத ஆபத்துக்கே காப்புறுதி. பிள்ளைப்பேறோ பெரும்பாலும் எதிர்பார்த்து வருவது. பிள்ளை பெறப் போகிறவர்கள் மட்டுமே அந்தப் பாலிசியை வாங்கி, பெற்றபின் விட்டுவிட்டால் நிதி வற்றிப்போகும் என்பர். வியாபாரக் கணக்காக இது பிழையன்று. பிழை வேறிடத்தில் இருக்கிறது: தனித்தனியாக விலைக்கு வாங்கும் முறையில் அடங்காத ஒன்று எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டியது என்பதற்கே அது அத்தாட்சி. ஆண், பெண், பிள்ளை பெற்றவர், பெறாதவர் எல்லோரும் ஒரே நிதியில் இருந்தால் அந்த நிதி வற்றுவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி எழுபது ஆண்டுகளாக வரிப்பணத்தைக் கொண்டு செய்துவருவது அதுவே. மருத்துவக் காப்புறுதிப் பிரிமியங்கள் தாங்கவொண்ணாத வேகத்தில் ஏறியதால், ஏற்றத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பும்படி 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா உத்தரவிட நேர்ந்தது. அதன்பின் அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றை வகுப்பது பற்றிய பேச்சும் எழுந்திருக்கிறது. அப்பேச்சில் தாய்மைக்கு என்ன இடம் என்று உரத்த குரலில் கேட்க வேண்டிய காலம் இது.

பிரசவம் ஒன்றே பெண்ணின் ஆரோக்கியமன்று. பிள்ளை வேண்டாத காலத்தில் வேண்டாம் என்று சொல்லும் வசதியும் அதில் அடங்கும். சிலாங்கூரில் 1953-இலேயே குடும்ப நலச் சங்கம் ஏற்பட்டது. 1966-இல் அரசாங்கமே குடும்பத் திட்ட வாரியத்தை அமைத்தது. அவ்வளவு முன்னதாகத் தொடங்கியும், 2014-ஆம் ஆண்டு ஆய்வின்படி மணமான பெண்களில் ஏதேனும் ஒரு முறையைக் கைக்கொள்வோர் பாதிக்குச் சற்று மேல்; நவீன முறைகளை நாடுவோர் மூன்றில் ஒரு பங்கினரே; அதற்கு முந்திய முப்பதாண்டுகளில் இந்த எண்கள் பெரிதாக அசையவில்லை. மாத்திரையும் ஊசியும் சுகாதார நிலையத்தில் கிடைக்கின்றன. பக்கவிளைவைப் பற்றிய அச்சமும், மாமியாரின் சொல்லும், கணவனின் சம்மதமும், மணமாகாத பெண் கவுண்டரில் எதிர்கொள்ளும் பார்வையும் இடையே நிற்கின்றன. கருக்கலைப்பைப் பற்றி இன்னும் பெரிய அறியாமை நிலவுகிறது. அது இந்நாட்டில் முற்றிலும் சட்டவிரோதமென்றே பெரும்பாலோர் நம்புகின்றனர். ஆனால், 1989-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கோ உடல், மன ஆரோக்கியத்துக்கோ கூடுதலான தீங்கு நேரும் என்று பதிவுபெற்ற வைத்தியர் நல்லெண்ணத்தோடு கருதினால் அதனைக் கலைக்க அனுமதிக்கிறது. 2012-இல் சுகாதார அமைச்சு வழிகாட்டியும் வெளியிட்டது. சட்டத்தை அறியாதவள் ரகசிய இடங்களைத் தேடிப் போய்ப் பெரும் பணத்தையும், சில வேளை உயிரையும் பணயம் வைக்கிறாள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மட்டும் கதவு சற்று அகலமாகத் திறந்திருக்கிறது. 2010 முதல் பதின்மூன்று வயதுப் பள்ளி மாணவியர்க்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. கூச்சத்தினால் பாப் பரிசோதனைக்கு வராத பெண்களுக்காக, மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் வூ யின் லிங் குழுவினர் 2018-இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில், பெண் தானே ஒரு மெல்லிய பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு கைப்பேசிக்கு வந்து சேரும். வைத்தியர் முன் படுக்க வேண்டியதில்லை, வெட்கப்பட வேண்டியதில்லை. நாற்பது வயதைக் கடந்த, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பெண்களுக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் தனியார் கிளினிக்கிலேயே இலவசப் பரிசோதனை அளிக்கிறது. மார்பகப் பரிசோதனையும் அதில் சேரும். புற்றுநோய் கண்டு சிகிச்சையை முடிப்பவர்க்கு ஆயிரம் வெள்ளியும், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்குத் தீபகற்பத்தில் ஐந்நூறு வெள்ளி வரையிலும் அது தருகிறது. போக்குவரத்தும் வைத்தியச் செலவே என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் என்பதால் எனக்கு அதன்மீது தனி மதிப்பு உண்டு. பந்திங் வட்டாரத்தில் இதற்குத் தகுதியுள்ள நம் தாய்மார்கள், கோயில் மண்டபத்திலோ பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ யாரேனும் சொன்னாலன்றி இதை அறிவதில்லை. சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு சாராரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. அந்நியத் தொழிலாளிக்கு 2011 முதல் கட்டாயமாக்கப்பட்ட மருத்துவக் காப்புறுதி பிரசவத்தைச் சேர்ப்பதில்லை. மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் அவளுடைய வேலை அனுமதியே பறிபோகிறது. இவளாவது தன் தேசத்தின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிறாள். தோட்டத்தில் பிறந்து, பெற்றோரின் கோயில் கல்யாணம் பதிவாகாமலும், பிறப்புப் பத்திரம் உரிய காலத்தில் எடுக்கப்படாமலும், அடையாள அட்டையே இன்றி வளர்ந்த பெண்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். வயிறு கனக்க அப்படி ஒருத்தி மருத்துவமனைக் கவுண்டரில் நிற்கும்போது முதலில் கேட்கப்படுவது ஐசி. அவள் தாய் இம்மாவட்டத்திலேயே பால்மரம் வெட்டியவள். அவள் பேசும் மலாய், கவுண்டரில் இருப்பவரின் மலாயிலிருந்து வேறுபட்டதன்று. ஆனால் 2014-ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவுப்படி பிரஜையல்லாதவரின் கட்டணம் பிரஜையின் கட்டணத்தைப் போலப் பல மடங்கு, அட்டை இல்லாதவள் பிரஜையல்லாதவளாகவே கொள்ளப்படுகிறாள், வார்டுக்குள் நுழையுமுன் அவள் கட்ட வேண்டிய முன்பணமும் அந்த விகிதத்திலேயே கேட்கப்படுகிறது.